கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் டாஸ்மாக் கடைக்கு வழி கேட்கத் தேவையில்லை. கூட்டம் போகிற பக்கம் போனால் போதும். அதே இடத்தில் நின்று, “குடியை விட்டவங்க ஒண்ணா உட்கார்ந்து பேசுற கூட்டம் எங்க நடக்குது?” என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு பரிவோடு சொல்வார்: “கடை பன்னெண்டு மணிக்குத்தாண்ணே திறப்பாங்க.”

அவரைக் குறை சொல்ல முடியாது. 2003இல் மதுவின் சில்லறை வியாபாரத்தை அரசே கையில் எடுத்தது. அதன்பின் மூன்று முதல்வர்கள் ஆளுக்கு ஐந்நூறு கடைகளை மூடி மாலை வாங்கிக்கொண்டார்கள். அப்படியும் 2025இல் மிச்சம் ஏறக்குறைய 4,800. 2024-25இல் கஜானாவுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். இத்தனையையும் கவனித்துக்கொள்கிற துறைக்கு மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை என்று பெயர். கள்ளுண்ணாமை என்று பத்துக் குறள் எழுதியவரின் நினைவாக ஒருநாள் கடைக்கு விடுமுறை விடுகிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் வரிசை எவ்வளவு நீளம் என்பதை வள்ளுவர் வந்து பார்க்கவா போகிறார்?

நாம் தேடும் கூட்டத்துக்கு விடுமுறை கிடையாது, பெயர்ப் பலகையும் கிடையாது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பார்கள், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும், இருவருமே குடியில் மூழ்கியவர்கள், சந்தித்துப் பேசியதில் பிறந்தது. சென்னையிலும் நடக்கிறது, வேறு சில ஊர்களிலும் நடக்கிறது. தேவாலயத்தை ஒட்டிய அறை, பள்ளி வகுப்பறை, கொஞ்சம் நாற்காலி, டீ. கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் ஆசை ஒன்றே தகுதி. ‘இன்று ஒருநாள் குடிக்கமாட்டேன்’ என்பதற்கு மேல் யாரும் சத்தியம் கேட்பதில்லை. வெளியார் பணத்தை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய விதி. அரசுப் பணம் வேண்டாம் என்கிற அமைப்பு ஒன்று தமிழ்நாட்டில் இயங்குகிறது என்றால் கோட்டையில் யாரும் நம்பமாட்டார்கள். விளம்பரம் செய்துகொள்வதும் அவர்கள் வழக்கமில்லை. அதனால்தான் வழி சொல்லும் வேலை மற்றவர்களுடையது என்கிறேன்.

அந்த வேலையை இப்போது செய்வது யார்? குடிப்பவரின் மனைவி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். காவல் நிலையத்தில் கேட்டால், “ரெண்டு நாள் உள்ள வைக்கட்டுமா?” என்கிறார்கள். சாமியிடம் கேட்டால் கயிறு கிடைக்கிறது. சுவரொட்டி மட்டும்தான் தெளிவாகப் பேசுகிறது: குடிப்பவருக்குத் தெரியாமலே சோற்றில் கலந்து கொடுத்தால் போதுமாம். அதுவும் பலிக்காமல் போனால் ராத்திரியில் வேன் அனுப்பி ஆளைத் தூக்கிப்போகும் ‘மறுவாழ்வு மையம்’ இருக்கிறது. உரிமம் உண்டா, உள்ளே மருத்துவர் உண்டா என்று கேட்கும் நிலையில் அவள் இல்லை. வருடக்கணக்காக மிதமிஞ்சிக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத உருவம் தெரியும், உயிரேகூடப் போகலாம். முதல் சில நாட்களுக்கு மருத்துவர் வேண்டும், கூட்டம் அதற்குப் பிறகுதான். இதை அவளிடம் சொல்ல ஓர் ஆள் இல்லை. குவார்ட்டரை எடுத்துக் கொடுக்க மட்டும் அரசுச் சம்பளத்தில் ஆள் இருக்கிறார்.

அரசுக்குத் தூரம் அளக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அளவு சரிப்பட்டு வராத இடத்தில் சாலையை ஊராட்சி, நகராட்சிக் கணக்கில் எழுதப் பார்த்தார்கள். சில கடைகளை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று 2017 ஏப்ரலில் சாமளாபுரத்தில் திரண்ட பெண்களில் ஒருத்தியின் கன்னத்தில் காவல் அதிகாரியின் கை விழுந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, உண்ணாமலைக்கடையில் ஒரு கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிய மதுவிலக்குப் போராளி சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை. ஒரு கடையை நகர்த்த ஓர் உயிர் என்பது இங்கே விலை.

திரும்பி வர வழி செய்யவும் அரசுக்குத் தெரியும். மலையில் உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் கடிந்துகொண்ட பிறகு, 2022இல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கத் தொடங்கினார்கள். கொண்டுவந்து கொடுத்தால் பத்து ரூபாய். நல்ல திட்டம்தான். கள்ளச்சாராயம் விற்றவர் மனம் திருந்தினால் மறுவாழ்வு நிதி தருகிறார்கள், அதில் கறவை மாடு வாங்கிக்கொள்ளலாம். அதுவும் நல்லதுதான். ஆக பாட்டிலுக்குத் திரும்பி வர வழி உண்டு, விற்றவனுக்கும் உண்டு. அரசு முத்திரை ஒட்டிய சரக்கை அரசு கவுண்டரில் காசு கொடுத்து வாங்கிக் குடித்தவன் மனம் திருந்தினால் அவனுக்கு எந்தக் கவுண்டர்?

பாட்டிலிலேயே மது கேடு என்று அச்சடித்து விற்கிறவர்களிடம் பூரண மதுவிலக்கு கேட்டு நான் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. ஒவ்வொரு கடையிலும், விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள்: அருகில் எந்த அரசு மருத்துவமனையில் குடிநோய்க்குச் சிகிச்சை, எந்தத் தெருவில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஏ.ஏ. கூட்டம், மனைவி மக்களுக்கான அல்-அனான் கூட்டம் எங்கே. விசாரித்து எழுத ஒரு வருவாய் ஆய்வாளர் போதும். பெயிண்ட் செலவுக்கு நிதி ஒதுக்க முடியாது என்றால், பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேலே வாங்குகிறார்களே ஒரு பத்து ரூபாய், அதில் ஒருநாள் வசூலைக் கொடுங்கள். கணக்கில் வராத பணம்தானே, தணிக்கையிலும் யாரும் கேட்கமாட்டார்கள்.