தண்ணிக் காரும் ஒரு லோயரும்

மூன்று லீற்றர் தண்ணீர். சம்மாந்துறை வயலில், சித்திரை வெயிலுக்கு, ஒரு ஆள் லுஹருக்கு முன்னமே குடித்து முடிக்கிற அளவு. அதை ஊற்றி 300 கிலோமீற்றர் கார் ஓட்டினேன் என்று 2008இல் நம்மட நாட்டில் துஷார பிரியமால் எதிரிசிங்க என்பவர் சொன்னார். தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுப்பாராம், அதை எஞ்சினில் எரிப்பாராம். அவ்வளவுதானாம்!

சிரிக்காதீங்க. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க சிரிக்கவில்லையே. எண்ணெய் பீப்பாய் 147 டொலர் வரை ஏறிய வருஷம் அது. நாலு பக்கமும் கடலை வைத்திருக்கிற தீவின் பிரதமருக்குத் தண்ணிக் கார் கசக்குமா? அரசாங்கத்தின் முழு ஆதரவும் உண்டு என்றார். சில மாதத்தில் அரசாங்கம் காக்கிச் சட்டையில் வந்தது. முதலீட்டு மோசடிச் சந்தேகத்தில் ஆளைக் கைதுசெய்தார்கள்.

நாம் மட்டும்தான் இப்படி என்று வெட்கப்படத் தேவையில்லை. 2012இல் பாகிஸ்தானில் ஆகா வக்கார் என்பவர் காரைத் தண்ணீரில் ஓட்ட ‘வோட்டர் கிட்’ கொண்டுவந்தார். ஆராய்வதற்கு அமைச்சரவை உபகுழு. தலைமை யார் தெரியுமா? மத விவகார அமைச்சர்! துஆவைத் தவிர வேறு வழியில்லை என்று அப்போதே பட்டிருக்குமோ என்னவோ. அணுகுண்டுப் புகழ் ஏ.கியூ.கானும் இதில் மோசடி இல்லை என்று சான்று கொடுத்தார். யுரேனியத்தைச் செறிவூட்டிய மூளை, ஒரு போத்தல் தண்ணீரில் வழுக்கி விழுந்தது.

சங்கதி இதுதான். தண்ணீர் எரிபொருள் இல்லை. எரிந்து முடிந்த ஐதரசன். ரைஸ் மில்லில் உமி எரித்த சாம்பலை அள்ளி மறுபடி அடுப்பில் போட்டு நெல் அவிக்க முடியுமென்றால், தண்ணீரிலும் கார் ஓடும்.

இது ஒரு லோயருக்கு எப்போதோ விளங்கிவிட்டது. வில்லியம் குரோவ், வேல்ஸ்காரர். உடம்புக்கு முடியாமல் கோர்ட்டை ஓரங்கட்டிவிட்டு விஞ்ஞானத்தில் இறங்கியவர். ஒரு குழாயில் ஐதரசன், ஒரு குழாயில் ஒட்சிசன், கூடவே பிளாட்டினமும் அமிலமும். மின்சாரம் வந்தது, மிச்சமாகத் தண்ணீர். 1842இல் அதை அவர் எழுதி வெளியிட்டார். அதுதான் எரிபொருள் கலம். அந்த மின்சாரத்தாலேயே தண்ணீரைப் பிரித்தும் காட்டினார். வேறு யாருமென்றால் அன்றைக்கே பங்கு விற்கக் கிளம்பியிருப்பார்கள். இந்த மனுஷன் 1846இல் ஒரு புத்தகம் போட்டு, சக்தி ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறும், சும்மா பிறக்காது என்றார். தண்ணிக் காருக்குத் தீர்ப்பு அப்போதே எழுதியாயிற்று. பிறகு மெய்யாகவே நீதிபதியும் ஆனார்.

(சுத்தமான சக்தியின் தந்தை நடுவில் ஒரு பெரிய கேஸும் பேசினார்: 1856இல், நஞ்சு வைத்துக் கொன்ற வில்லியம் பாமருக்காக. தோற்றார். கட்சிக்காரரைத் தூக்கிலிட்டார்கள்.)

காரில் எரிபொருள் கலத்தை முதலில் பொருத்திப் பார்த்தது ஜெனரல் மோட்டர்ஸ், 1966இல், ஒரு வேனில். டாங்கியும் குழாயும் வைத்த பிறகு மிஞ்சியது இரண்டு பேருக்கு இடம். நம்மட ஆட்கள் என்றால் கல்முனைக் கல்யாணத்துக்குப் பதினாறு பேரை அடைக்கிற வண்டி!

கலத்துக்கு உண்மையான மவுசு விண்வெளியில்தான். அப்பலோ 11 வீரர்கள் சந்திரனுக்குப் போகும்போது குடித்தது கலம் கக்கிய தண்ணீரைத்தான். அதற்குள் ஐதரசன் குமிழ்கள். வயிற்றுக்குள் வாயு. மூன்று பேர், சின்ன அறை, யன்னல் திறக்க வழியில்லை. பாடப்புத்தகத்தில் கொடி நட்டதை மட்டும் போட்டார்கள்.

இன்றைக்கு டொயோட்டா மிராய் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடுகிறது. ஜப்பானில் 2009 முதல் வீட்டுக்கே கலம் விற்கிறார்கள். அதற்கு ஐதரசன் எங்கிருந்து? வீட்டு காஸ் குழாயிலிருந்து! உலகத்து ஐதரசனில் பெரும்பங்கு இன்னும் இயற்கை வாயுவிலும் நிலக்கரியிலும் இருந்துதான் வருகிறது. சோலார் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் சுத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐதரசனைத் திரும்ப மின்சாரமாக்கும்போது போட்டதில் பாதிக்கு மேல் வழியிலேயே காலி. கூரையில் சோலார் போட்டவர் நேரே பற்றறிக்கு ஏற்றுவதுதான் லாபம்.

2022இல் கியூஆர் கோடைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் நாம். அப்படியொரு நாள் திரும்ப வந்தால் வோட்டர் கிட் விற்கவும் ஆள் வரும். காசை எடுக்க முன்னம், அவர் வந்த வண்டியின் பெற்றோல் டாங்கியை ஒருக்காத் திறந்து பாருங்க.