கிழநாயின் சோபா: அனுபவ பாத்தியம் குறித்த ஓர் ஆய்வு

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைக்கு 9 பெயர்களைத் தருகிறது. ஆணுக்கு ஒரு பெயர் வரிசை, பெண்ணுக்கு ஒரு பெயர் வரிசை என்று மேலும் விரிகிறது. முதுமைக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. இந்த விடுபாடு இலக்கணத்துக்குள் இருந்தவரை யாருக்கும் நட்டமில்லை. வரவேற்பறைக்குள் வந்தபிறகுதான் சிக்கல். குட்டி செருப்பைக் கடித்துக் குதறினால் 'குட்டிதானே' என்ற ஒரே சொல்லில் வழக்கு தள்ளுபடியாகிறது. 13 வயது நாய் சோபாவை நனைத்துவிட்டால் அதைத் தள்ளுபடி செய்ய ஒரு சொல் கிடைப்பதில்லை. சொல் கிடைக்காதவர்கள் கேள்வியில் இறங்குகிறார்கள். 'என்னங்க, பேசாம சோபாவை மாத்திடலாமா?' என்பது அக்கேள்வியின் வழக்கமான வடிவம். மாற்றலாமா, எப்போது மாற்றலாம், எந்தத் துணியில் மாற்றலாம் என்று இதுகாறும் நடந்த விவாதங்கள் எல்லாம் மாற்றும் அதிகாரம் வீட்டுக்காரருக்கு உண்டு என்று எண்ணிக்கொண்டே நடந்தவை. அந்த எண்ணம் பிழை, சோபா கைமாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வின் எல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் 'த்ரீ பிளஸ் ஒன் பிளஸ் ஒன்' என்று விற்கும் சோபா செட்டில் மூவர் அமரும் நீள இருக்கை, அதிலும் மின்விசிறிக்கு நேர் கீழே அமைந்த மூலை, அந்த மூலையில் படுத்திருக்கும் நாய்: இவ்வளவே ஆய்வுக்களம். பூனையை விலக்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. நாய் சோபாவைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றுகிறது. பூனையோ வீட்டுக்குள் நுழையும்போதே எல்லாம் தன்னுடையது என்ற தெளிவோடு வருகிறது; அங்கே உரிமை மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனினும் பூனை தரப்பிலிருந்து ஒரு சான்றை மட்டும் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தின் டெவென்டரில் சுமார் 1420-இல் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதி ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளது. இரவில் விரித்து வைத்திருந்த அந்த ஏட்டின் மீது பூனை சிறுநீர் கழித்துவிட்டது. எழுத்தர் அந்தப் பூனையைச் சபித்தார். கறையைச் சுட்டும் கைகளையும் பூனையின் படத்தையும் வரைந்தார். பூனை வரும் இடத்தில் இரவில் நூலை விரித்து வைக்காதீர்கள் என்று பின்னால் வருபவர்களை எச்சரித்தார். ஏட்டைக் கிழித்து எறியவில்லை. நனைந்த பகுதியை வெறுமையாக விட்டுவிட்டு மேற்கொண்டு எழுதிப் போய்விட்டார். சேதமும் மாற்றீடும் காரணகாரியத் தொடர்புடையவை அல்ல என்பதற்கு 600 ஆண்டுப் பழமையுள்ள எழுத்துச் சான்று இது.

சேதத்தின் தன்மைக்கு வருவோம். கருத்தடை செய்த பெண் நாய்க்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சிறுநீர்க் குழாயின் வாயைப் பிடித்திருக்கும் தசை தளர்கிறது. விழித்திருக்கும்போது ஒன்றும் ஆவதில்லை, அயர்ந்து தூங்கும்போது கசிகிறது. எழுந்தபின் ஈரத்தைக் கண்டு முதலில் திடுக்கிடுவது நாய்தான். மூட்டு வாதம் வந்த நாய் நடையைக் குறைக்கிறது. நடை குறைந்தால் நகம் தேய்வதில்லை. தேயாத நகத்தோடு, முன்பு ஒரே தாவில் ஏறிய இடத்துக்கு இப்போது முன்னங்கால்களைப் பதித்து இழுத்து இழுத்து ஏறுகிறது. இருக்கையின் முன்விளிம்பு கிழிவது இப்படித்தான். மூளை தளர்ந்த நாய்கள் படுக்குமுன் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பறண்டுவதும் உண்டு. ஆக, சோபாவில் உள்ள ஒவ்வொரு கிழிசலும் ஏற முயன்றதற்கோ, படுக்க முயன்றதற்கோ, தூங்கியதற்கோ உரிய பதிவு. குற்றம் என்ற சொல்லை இங்கே பொருத்துவதற்கு மனநிலைக் கூறு எதுவும் கிடைக்கவில்லை.

இந்தச் சேதத்தை எல்லாம் நாய்தான் செய்தது என்பதும் நிறுவப்படாத ஒன்று. கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை, பொதுவான மரச்சாமான்களுக்கு 10 ஆண்டு பயன்காலம் குறித்திருக்கிறது. லாப்ரடார் நாயின் சராசரி ஆயுள் சுமார் 12 ஆண்டு. குட்டி வந்த ஆண்டில் வாங்கிய சோபா, நாய் கிழமாகும்போது கணக்கேட்டின்படி ஏற்கெனவே காலமாகிவிட்டது. தோல் போலத் தோன்றும் பாலியூரித்தேன் உறை, சென்னை போன்ற கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் நீர்ப்பகுப்புக்கு உள்ளாகி, நாயே இல்லாத வீட்டிலும் செதில் செதிலாக உரியும். உள்ளேயிருக்கும் ஃபோம், பல ஆண்டு எடையைத் தாங்கி மீளும் திறனை இழந்து பள்ளமாகும். அந்த எடையில் 30 கிலோ நாயுடையது, மீதி யாருடையது என்று வீட்டில் எவரும் கணக்குக் கேட்பதில்லை. கைப்பிடியில் காபித் தம்ளரின் வளையங்கள் இருக்கின்றன. இருக்கை இடுக்கில் முறுக்குத் தூள், பால்பாயிண்ட் பேனாவின் மூடி, 1 ரூபாய் நாணயங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாய்மானத்தின் உச்சியில் வட்டமாக, கருத்து, பளபளப்பாக ஒரு கறை எல்லா வீட்டு சோபாவிலும் உண்டு. எந்த நாயும் எட்டாத உயரம் அது. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலைகள் ஆண்டுக்கணக்கில் சாய்ந்த இடம். அந்தக் கறையைக் காட்டி யாரும் தாத்தாவை மாற்றலாமா என்று கேட்டதாகத் தெரியவில்லை. சோபாவை மாற்றலாமா என்றுகூடக் கேட்டதில்லை.

இனி மையவாதம். காலவரையறைச் சட்டம் 1963, ஒருவருடைய அசையாச் சொத்தை இன்னொருவர் உரிமையாளருக்கு எதிராக 12 ஆண்டு தொடர்ந்து அனுபவித்தால், மீட்கக் கோரும் வழியை அடைத்துவிடுகிறது. 27-ஆம் பிரிவின்படி பழைய உரிமையும் அழிகிறது. இதற்கு எதிரிடை அனுபவ பாத்தியம் என்று பெயர். அனுபவம் வன்முறையின்றி, ஒளிவுமறைவின்றி, அனுமதியின்றி இருக்க வேண்டும் என்பது ரோமானியர் காலத்திலிருந்து வரும் அளவுகோல். மூலையில் படுத்த நாயை இதில் வைத்துப் பார்க்கலாம். வன்முறை இல்லை, அது வெறுமனே படுத்தது. ஒளிவுமறைவு இல்லை, குறட்டை விட்டது. தொடர்ச்சிக்கு முடிகளே சாட்சி. உரிமையாளர் அறிந்திருந்தாரா என்ற கேள்விக்கும் விடை உண்டு: 'அங்க வேண்டாம், இங்க உக்காருங்க, துணில முடி ஒட்டிக்கும்' என்று வந்த விருந்தாளிகளிடம் எல்லாம் அவர் தம் வாயாலேயே அந்த மூலையின் எல்லையை அறிவித்திருக்கிறார். பட்டா மாறியதைத் தண்டோரா போட்டதற்குச் சமம் இது.

சோபா அசையும் பொருள், ஆகவே 12 ஆண்டு விதி பொருந்தாது என்று மறுப்பார் உளர். அற்றன்று. லிஃப்டில் நுழையாமல், மாடிப்படி வளைவில் சிக்கி, நான்கு பேர் சேர்ந்து ஏற்றிய அந்தச் சோபா, வாங்கிய நாள் முதல் அசைந்ததே இல்லை. அதன் அடியைப் பெருக்கியவர்களும் குறைவு. இது போகட்டும், அசையும் பொருள் என்றே வைத்துக்கொண்டாலும் மறுப்பாளருக்கு லாபமில்லை. அசையும் பொருளை மீட்க அதே சட்டம் தரும் கெடு 3 ஆண்டுதான். அப்படியானால் நாய் நான்கு வயதைத் தொடும் முன்பே வழக்கை வென்றுவிட்டது. எதிரிடை அனுபவம் என்பது தற்காப்புக்கு மட்டும் உதவும், அதை வைத்து வழக்குத் தொடர முடியாது என்ற பழைய கருத்தையும் உச்ச நீதிமன்றம் 2019-இல் விலக்கிவிட்டது: அனுபவிப்பவர் வாதியாகவே வரலாம். நாய் வராது என்பது வேறு விஷயம்.

கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. நாயை ஏற விட்டதே வீட்டுக்காரர்தான். அனுமதியோடு இருந்தவருக்கு எத்தனை ஆண்டானாலும் பாத்தியம் பிறக்காது. வாடகைக்கு இருந்தவர் சொந்தம் கொண்டாட முடியாதல்லவா? கேள்வி சரியானது, தரவுதான் தவறு. நாய் வளர்க்கும் வீடுகளில் மிக அதிகமாகப் பிறப்பிக்கப்படும் ஆணை 'இறங்கு' என்பது. ஒரு நாளைக்கு இரண்டு முறை என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 12 ஆண்டில் 8,760 ஆணைகள். இத்தனை முறை மறுக்கப்பட்ட ஒன்றை அனுமதி என்று எந்த நீதிமன்றமும் கொள்ளாது. ஆணையைக் கேட்ட நாய் இறங்கி, சொன்னவர் சமையலறைக்குள் போனதும் ஏறியது. எதிரிடை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தைச் சட்ட நூல்களில் தேடிப் பயனில்லை.

இறுதியாக, நாய் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளா என்பர். கோயில் மூர்த்திக்குச் சொத்து வைத்துக்கொள்ளும் சட்டத் தகுதி நம் நாட்டில் உண்டு. விலங்கினம் முழுவதையும் சட்ட ஆளாக உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் 2018-இல் அறிவித்தது. ஆனால் ஜல்லிக்கட்டு வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டென்று ஏற்க மறுத்தது. நேர்மையான ஆய்வாளன் இந்த இடத்தில் ஓரடி பின்வைக்க வேண்டும். அடிப்படை உரிமை இல்லை என்றே ஒப்புக்கொள்வோம். காளைக்குக் கிடைக்காதது நாய்க்கு மட்டும் கிடைக்க வேண்டும் என்று வாதிடும் துணிவு இக்கட்டுரைக்கு இல்லை. உரிமை வேறு, அனுபவம் வேறு. பின்னது நேரே சென்று பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க விரும்புவோர் அந்த மூலையில் உட்கார்ந்து, நாய் எதிரே வந்து நின்று பார்க்கும் பார்வையைத் தாங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் சோபாவை மாற்றியே தீருவேன் என்றால் என்ன ஆகும்? பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ 18-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பட்டறிந்து எழுதினார். புதிதாக வந்த ஓர் அங்கியின் அழகுக்கு ஈடாகவில்லை என்று வைக்கோல் நாற்காலி போய்த் தோல் நாற்காலி வந்தது. பிறகு அறையே மாறியது. பழைய அங்கியை எண்ணி அவர் வருந்தினார். 1988-இல் கிராண்ட் மெக்ராக்கன் இதற்கு 'திதரோ விளைவு' என்று பெயர் சூட்டினார். நம் வீடுகளில் அது சோபா, திரைச்சீலை, டீப்பாய், சுவர் வண்ணம் என்ற வரிசையில் நிகழ்கிறது. நாயின் தரப்பில் இழப்பு வேறு வகை. நாயின் மூக்கில் 20 கோடிக்கு மேற்பட்ட மோப்ப உணர்விகள் இருக்க, மனிதனுக்கு இருப்பவை சுமார் 50, 60 லட்சம். நமக்கு நாற்றமாகத் தெரிவது அதற்கு முகவரி. கண் மங்கிய நாயுள்ள வீட்டில் சாமான்களை இடம் மாற்றக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் உண்டு. புதுச் சோபாவோ, நம் வழக்கப்படி, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு ஓராண்டாவது இருக்கும். அதில் நாய் வழுக்குகிறது. மனிதரும் வழுக்குகிறார்கள், ஆனால் விலை நினைவில் இருப்பதால் சொல்வதில்லை.

எக்ஸ்சேஞ்ச் சலுகையில் பழைய சோபாவை எடுக்க வருபவர் தேக்கா, பிளைவுட்டா என்று தட்டிப் பார்க்கிறார். மூலைப் பள்ளத்துக்கு அவர் விலை தருவதில்லை. குஷன் கடைக்காரர் இன்னும் நியாயமானவர்: சட்டத்தை விட்டுவிட்டு ஃபோமையும் துணியையும் மட்டும் மாற்றித் தருகிறார். நீர் இறங்காத விரிப்பு ஒன்றும், மேலே துவைத்துக் காயப்போட இரண்டு பழைய வேட்டிகளும், ஏறுவதற்கு ஒரு தாழ்ந்த பலகையும் இருந்தால் அதுவும் உடனே தேவையில்லை. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் அதைத் திரும்பக் கேட்டதாகவோ, கறை பட்டதா என்று விரித்துப் பார்த்ததாகவோ பாடல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவன் வள்ளல் என்பதற்கு அது போதுமான சான்றாகவும் கொள்ளப்பட்டிருக்கிறது.

எஞ்சி நிற்பது வாரிசுச் சிக்கல். நாய் உயில் எழுதுவதில்லை. வாரிசு இல்லாத சொத்து அரசைச் சேரும் என்பது இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 29-ஆம் பிரிவு. எந்த வட்டாட்சியரும் சோபாவை எடுத்துப்போக வருவதில்லை என்பதால், நடைமுறையில் அது வீட்டுக்காரரிடமே திரும்புகிறது. அன்று முதல் மாற்றுவதற்கு அவருக்கு முழு அதிகாரம் உண்டு. உறை துவைத்தாகிவிட்டது, வேட்டி மடித்து உள்ளே போயாகிவிட்டது, ஆடித் தள்ளுபடியும் வந்து போகிறது. விருந்தாளி ஒருவர் வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் காலியாக இருப்பதைப் பார்த்து அந்த மூலையில் உட்காரப் போகிறார். 'அங்க வேண்டாம்,' என்கிறார் வீட்டுக்காரர், 'இங்க உக்காருங்க.'