வெளிர்நீல வாட்சும் வெட்டியாப் போன மூணு நாளும்

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மூணு நாளா செல்போனும் கையுமாத் திரியுத, சோறும் இறங்கலைன்னு உங்க ஆத்தா புலம்புதா. பொண்ணு போட்டோவாக்கும்னு எட்டிப் பாத்தேன். ரெண்டு வாட்சு! ரெண்டும் வெளிர்நீல முகம். ஒண்ணு 2,000, இன்னொண்ணு 4,000. எது நல்லதுன்னு வேப்பமரத்தப் பாத்து நேரஞ்சொல்லுத கிழவன்கிட்ட கேட்ட பாரு, உன் புத்தியே புத்தி!

அந்த நீலத்துக்குச் சொக்கிப்போய்க் கிடக்கியே, ரோலெக்ஸ்காரன் பிளாட்டினத்துல செய்யுத வாட்சுக்குத்தான் ஐஸ் நீல முகம் வைப்பான். ஜமீன் வீட்டுப் பட்டைப் பாத்துட்டு அதே நிறத்துல சீட்டித் துணி எடுத்தானாம் ஒருத்தன். தப்பில்லலே, சீட்டியும் மானத்தை மறைக்கும்.

உள்ள என்ன இருக்குன்னு கேளு. செல்லுல இருந்து கரண்டு வந்ததும் செகண்டுக்கு 32,768 தடவை நடுங்குத சின்னக் குவார்ட்ஸ் கல்லு. உங்க பாட்டி முன்னால நான்கூட அம்புட்டு நடுங்கினதில்ல. 1969 கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஜப்பான்ல சீக்கோ கம்பெனி குவார்ட்ஸ் கல்லைக் கைக்கடிகாரத்துல வச்சுக் கொண்டாந்தப்ப விலை 4,50,000 யென். அன்னைக்கு அது ஒரு சின்னக் கார் வாங்குத காசு. இன்னைக்குக் குவார்ட்ஸ் வாட்சு 2,000 ரூவாய்க்கே கிடைக்கு. அப்போ மிச்சக் காசு எதுக்குன்னு மேலாப்புலதான் பாக்கணும்.

மாடு வாங்கும்போது பல்லைப் பிடிச்சுப் பாப்போம்லா? வாட்சை முதுகைத் திருப்பிப் பாரு. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’னு மட்டும் வெட்டியிருந்தா, முதுகு மட்டுந்தான் எவர்சில்வர். உடம்பு பெரும்பாலும் முலாம் பூசுன மட்ட உலோகம். நம்மூர் வேர்வையில ரெண்டு வருசத்துல சாயம் வெளுத்துரும். தோல் வாரும் அப்படித்தான், ஒரு கோடை தாண்டினாலே ஆட்டுக்கெடா வாசம் வீசும். 30 மீட்டர் தண்ணி தாங்கும்னு எழுதியிருக்கேன்னு கிணத்துல குதிச்சிராத. அது கை கழுவவும் தூத்தல்ல நனையவும் மட்டுந்தான். நீச்சலடிக்கணும்னா 100 மீட்டர் போட்டதாப் பாத்து எடு.

எல்லாத்தையும் விட முள்ளைப் பாரு. வெளிர்நீலத்துமேல பளபளன்னு வெள்ளி முள்ளு வச்சா, பனிக்குள்ள வெள்ளை மாட்டைத் தேடுத கதைதான். பஸ்சு போன பிறகுதான் மணி தெரியும். முள்ளு கறுப்பாவோ கருநீலமாவோ இருந்தா, விலை குறைஞ்சதே போதும்லே.

என்ன முழிக்க? மாசத்துக்கு 15 செகண்டு தப்பும்னு போட்டிருக்கானேன்னு கவலையா? நீ இந்தத் திண்ணையில தொலைச்ச மூணு நாளு இருக்கு பாரு, அம்புட்டு நேரத்தைத் தொலைக்க அந்த வாட்சுக்கு 1,440 வருசம் ஆகும். கணக்குப் போட்டுப் பாத்துக்கோ. பத்தாங்கிளாசு படிச்சவன்தான நீ?

சரி, நல்ல நேரத்துல புதுசை வாங்கிக்கோ. கையில கிடக்க அந்தப் பழசைக் கழட்டி இங்க வச்சிட்டுப் போ. நின்னு போச்சுன்னுதான புதுசு தேடுத? அதுக்குச் செல்லு தீந்திருக்கும். கடைத்தெருவுல சின்னக் காசுக்கு மாத்திக் குடுத்துருவான்.

இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமேன்னு பாக்கியா? நீ எங்கலே கேட்ட?