பதினோரு அங்குலக் கோட்டை

என் பயண லேப்டாப்புக்குப் பதினோரு அங்குலத் திரை, 4 ஜிபி ரேம், பெயருக்கு ஒரு செலரான் பிராசசர். நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ் ஏறி கிளாம்பாக்கத்தில் இறங்கும்வரை மடியில் கிடந்தாலும் தொடை சுடாது. பக்கத்து சீட்காரரின் முழங்கையோடும் தகராறு வராது. அதன் நற்குணங்கள் அத்தோடு சரி.

சென்னையில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை பார்க்கும் மருமகன் போன தீபாவளிக்கு வந்தபோது அதற்குக் காவல் போட்டான். காசு கொடுத்து வாங்கிய ஆன்ட்டிவைரஸ் ஒன்று, இலவசமாக இன்னொன்று, விபிஎன், குப்பை பெருக்கும் ஆப். அன்றிலிருந்து அதை ஆன் செய்துவிட்டு மெயின் பஜாருக்குப் போய் கீரை வாங்கி வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. இந்த ஆன்ட்டிவைரஸ் ஒரு ஃபைலைத் திறந்தால், "யார் திறக்கிறது?" என்று அது ஓடிவந்து சோதிக்கும். அது சோதிப்பதை இது சோதிக்கும். நடுவில் நான் ஒரு கடிதம் டைப் அடிக்க வேண்டும்.

"மாமா, உங்க டேட்டாவை யாராவது அடிச்சிட்டுப் போயிட்டா?"

உட்கார்ந்து யோசித்தேன். பாதியில் நிற்கும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. திருடுகிறவர் முடித்தும் கொடுத்தால் நன்றி. ஆனால் குடும்பம் மொத்தத்தின் ஆதார் நகல், பிஎஃப் சீட்டு, பிரவுசரில் சேமித்த பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான். சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை.

எதிர்வீட்டு சாரிடம் நியாயம் கேட்டேன். சுரங்கத்தில் பம்புகளோடு மாரடித்து ரிட்டயர் ஆனவர். இங்கே நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இறைத்து அதைத் தணிக்காமல் கரியை வெட்டினால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். அதனால் பம்புகள் ராத்திரி பகல் ஓடும். கரி எடுப்பது மின்சாரத்துக்காக. அதில் ஒரு பங்கைப் பம்பே குடித்துவிடும்.

"கரன்ட் மிச்சம்னு பம்பை நிறுத்த முடியுமா சார்?" என்றார். பிறகு அவரே, "அதுக்காக பஜார்ல கொண்டுபோய் பம்பு போடுவாங்களா? தண்ணி எங்க முட்டுதோ அங்கதான்."

எனக்கு எங்கே முட்டுகிறது? உளவாளிகள் யாரும் என்னைத் தேடவில்லை, தேடினால் பெருமைதான். என் பயமெல்லாம் விழுப்புரம் பக்கம் டீக்கு நிற்கிற பத்து நிமிஷம். பை போனால் போகட்டும், உள்ளே இருப்பது போகக்கூடாது. அதற்கு டிஸ்க் முழுவதையும் பூட்டும் என்கிரிப்ஷன் போதும். ஒரு காலத்தில் இதுவே பெரிய பாரம். ஆட்டம் பிராசசரோடு வந்த பழைய குட்டி லேப்டாப்புகள் ஏஇஎஸ் என்கிற பூட்டுக் கணக்கை மென்பொருளிலேயே போட்டு மூச்சு வாங்கின. இன்டெல் 2010-ல் அதற்கென்றே தனிக் கட்டளைகளைப் பிராசசருக்குள் வைக்கத் தொடங்கியது. இப்போது சின்ன செலரானிலும் அவை இருக்கின்றன. பூட்டிய பிறகு வேகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த வசதி இல்லாத மலிவு போன்களுக்காக கூகுள் அடியான்டம் என்று தனியாக ஒன்றைச் செய்தது. ஏழைக்கும் பூட்டு வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

ஆன்ட்டிவைரஸ் இரண்டையும் கழற்றினேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். குப்பை பெருக்கும் ஆப்தான் முதல் குப்பை, அதுவும் போயிற்று. ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசசர் ஓட்டைகளுக்காக 2018-ல் தொடங்கிய அடைப்புகள் வேகத்தைக் கொஞ்சம் தின்னும் என்றார்கள். தின்னட்டும், அதில் கை வைக்கவில்லை. ஒன்று மட்டும் தொல்லை: மூடியைச் சாத்தித் தூங்க வைத்தால் சாவி மெமரியிலேயே இருக்கும் என்பதால், பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் முழுசாக ஷட்டவுன். கண்டக்டர் "சீக்கிரம் சார்" என்பார். விண்டோஸுக்கு அப்போதுதான் அப்டேட் ஞாபகம் வரும்.

மருமகன் ஒரே நிபந்தனை போட்டான். டிஸ்க் பூட்டு திறக்காமல் போனால் உதவும் மீட்புச் சாவி 48 இலக்கம். காகிதத்தில் எழுதி, லேப்டாப் பையில் வைக்காமல் வீட்டில் வைக்க வேண்டும். என் மனைவி ஆறாறு இலக்கமாக எட்டு வரியில் அழகாக எழுதி, யாரும் தொடமாட்டார்கள் என்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்தாள். மாசக் கடைசியில் பால்காரர் அதை மேலிருந்து கீழே மெதுவாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பாலா வாங்குனீங்கம்மா?" என்றார்.