வீட்டுக்காரர் நிற்கிறாரோ?

ஸ்காபரோ,
கனடா.

அன்பின் மாஸ்ரருக்கு,

உம்முடைய முழங்கால் உளைவு எப்படி? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. குளிர் தொடங்கினால் இரண்டு காரியம் நிச்சயம். ஹீற்றரைக் கூட்டாதேயுங்கோ என்று மகன் சொல்லுவான். டக்ட் துப்புரவுக்காரன் ரெலிபோன் எடுப்பான்.

இங்கத்தைய வீடுகளில் நிலக்கீழ் அறையில் ஓர் இயந்திரம் காற்றைச் சூடாக்கி, சுவருக்குள்ளால் போகும் தகரக் குழாய்களில் அறை அறையாக அனுப்பும். அந்தக் குழாய்தான் டக்ட். அதற்குள் தூசி படியும் என்பது உண்மை. ஆனால் எங்கள் வீட்டுத் தூசியைப் பற்றி எங்களைவிடக் கவலைப்படுகிற ஒரு கூட்டம் எங்கேயோ இருந்துகொண்டு நாள் முழுக்க மணி அடிக்கிறது. "வீட்டுக்காரர் நிற்கிறாரோ?" என்றுதான் தொடங்குவார்கள். வீடு மகன் பேரில், மகன் வங்கியின் கையில். "வங்கியைத்தான் கேட்கவேணும் தம்பி" என்றேன். அவன் சளைக்கவில்லை. வங்கியிலே யாரோடு கதைக்கலாம் என்று கேட்டான்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் வீட்டு ரெலிபோனுக்கு நான்தான் பொறுப்பு. தபாற்கந்தோரில் ட்ரங்க் கோல் மணி அடித்தால் பாய்ந்து எடுத்த கை, சும்மா இருக்குமோ? எடுத்து "ஹலோ" என்றால் மறுபக்கம் ஒரு சத்தமும் இல்லை. "ஆரோ எங்களோடை கோபம் போலை" என்று மனுசி சொல்லுவா. கோபமில்லை மாஸ்ரர், கொம்பியூட்டர். அது ஒரே நேரத்தில் பல வீடுகளுக்கு மணி அடிக்கும். எந்த வீட்டில் வாய் திறக்கிறார்களோ அந்த வீட்டை, சும்மா இருக்கிற ஆளிடம் தள்ளிவிடும். அந்த இடைவெளிதான் மௌனம். அதற்குள் வைத்துவிட்டால் பிழைத்தோம். "இனி எடுக்க வேண்டாம் என்றால் 9ஐ அமத்துங்கோ" என்று ஒலிப்பதிவு வந்தாலும் அமத்தக் கூடாதாம். அமத்தினால், இந்த நம்பரில் உயிருள்ள ஆள் இருக்கிறார் என்று நாங்களே ஒப்பம் வைத்துக் கொடுத்த மாதிரி.

சட்டம் இல்லையா என்று கேட்பீர். வடிவாக இருக்கிறது. 2008 செப்ரெம்பர் 30 முதல் கனடா முழுவதற்கும் 'அழைக்காதே' பட்டியல் ஒன்று நடக்கிறது, சீ.ஆர்.ரி.சி. என்ற தொலைத்தொடர்பு ஆணையம் பார்க்கிறது. நம்பரைப் பதிவதற்குக் காசில்லை, பதிந்தால் காலாவதியும் இல்லை. வியாபாரிகள் தங்கள் பட்டியலைத் திருத்த 31 நாள் அவகாசம். மீறுகிற கம்பனிக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 15,000 டொலர் வரை தண்டம். விற்பனைக்காரர் எடுக்கக்கூடிய நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: கிழமை நாளில் காலை 9 மணி முதல் இரவு 9.30 வரை, சனி ஞாயிறில் காலை 10 முதல் மாலை 6 வரை. மத்தியானக் கண்ணயர்வு என்ற ஒன்றை இந்த நாட்டில் ஒருத்தரும் கேள்விப்படவில்லைப் போல.

பதிந்தேன். பலன் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். மரியாதையான கம்பனிகள் நின்றுவிட்டன. ஆனால் வேலி, படலையைத் தட்டிவிட்டு வருகிறவனைத்தான் மறிக்கும். கட்டாக்காலி மாடு வேலியைப் பார்த்தா வரும்? போதாததற்குச் சட்டமே சிலருக்குப் பொட்டு விட்டிருக்கிறது. பதிவு பெற்ற தருமத் தாபனங்கள், கருத்துக் கணிப்புக்காரர், சந்தா கேட்கும் பத்திரிகைகள், அரசியல் கட்சிகள் எல்லாம் எடுக்கலாம். கடைசியாகச் சொன்னவர்கள்தானே பாராளுமன்றத்தில் இருந்து சட்டம் இயற்றுகிறவர்கள்! தேர்தல் வந்தால் எங்கள் வீட்டு மணிக்கு மூச்சுவிட நேரமில்லை.

டக்ட்காரர் ஏன் ரெலிபோனையே பிடித்துத் தொங்குகிறார்கள் என்றும் யோசித்துப் பார்த்தேன். 2018 மார்ச் 1 முதல் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில், நாங்கள் கூப்பிடாமல் வாசலுக்கு வந்து டக்ட் துப்புரவுக்கு ஒப்பந்தம் எழுத முடியாது. ஆகவே எங்களைக் கொண்டு கூப்பிடுவிக்கத்தான் இந்தப் பாடு என்பது என் கணிப்பு.

கள்ளர் கதை வேறு. வருமான வரி பாக்கி, இப்பவே பொலிஸ் வருகுது, கடையில் கிஃப்ற் கார்ட் வாங்கி இலக்கத்தைச் சொல்லு என்பான். எந்த அரசாங்கம் கிஃப்ற் கார்ட்டில் வரி வாங்கும்? அவர்கள் காட்டுகிற நம்பரும் பொய். ஒருநாள் திரையில் எங்கள் வீட்டு நம்பரே விழுந்தது. மனுசி அறைக்குள் எட்டிப் பார்த்து, "நீங்களே உள்ளுக்கிருந்து எடுக்கிறியள்?" என்று கேட்டா. அழைக்கிற நம்பர் உண்மையா என்று கம்பனிகள் சோதிக்கவேண்டும் என 2021 நவம்பர் 30 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை இன்ரர்நெற் வழி வருகிற அழைப்புகளுக்குத்தான் சரிவரும். எங்கள் வீட்டில் இருப்பதோ பழைய செப்புக் கம்பி.

இனி என் சொந்தப் புத்தி. எவன் எடுத்தாலும் தனித் தமிழில் கதைப்பது என்று முடிவெடுத்தேன். இரண்டொருவர் ஓடித்தான் போனார்கள். அடுத்து வந்த குரல், "அண்ணை, நீங்கள் ஊரிலை எந்த இடம்?" என்றது. வீட்டுக்கடன் முகவர்! நெல்லியடி என்றேன். தன் தாய்வழி கரவெட்டி என்றான். அரை மணித்தியாலத்தில் என் சித்தப்பாவின் மச்சாள் வழியாகச் சொந்தமாகிவிட்டான். வெள்ளைக்காரனிடம் "உன் கம்பனியின் சொந்த 'அழைக்காதே' பட்டியலில் என்னைப் போடு" என்று சொல்லலாம்; போடவேண்டியது சட்டம். பெறாமகனிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை பெண்சாதி பிள்ளைகளோடு வந்து ரீ குடித்து, வட்டிவீதமும் விளங்கப்படுத்திவிட்டுப் போனான்.

கடைசியில் மகன்தான் வழி கண்டான். மணி அடித்தால் இப்போது ஒருத்தரும் தூக்குவதில்லை. பதிவு மெசின் எடுக்கும். விற்கிறவனும் கள்ளனும் மெசினோடு மினக்கெட மாட்டார்கள், வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். உண்மையான ஆள் பேர் சொல்லுவார், நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுத் தூக்குவோம். இத்தனை சட்டத்தாலும் முடியாததை இந்தச் சின்னப் பெட்டி செய்கிறது.

ஆனபடியால், எத்தனை தரம் எடுத்தும் தூக்கவில்லை என்று நீர் தங்கச்சியிடம் குறைப்பட்டதில் ஞாயமில்லை. நீர் எடுக்கும்போது இங்கே இலங்கை நம்பர் விழுவதில்லை. ஏதோ பேர் தெரியாத நம்பர்தான் விழுகிறது. மெசின் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும், பேசாமல் கேளும். 'பீப்' என்றதும் பேரைச் சொல்லும். பேரை மட்டும் சொன்னால் போதாது, ஊரையும் சொல்லும். வட்டிவீதம் என்ற சொல்லை மாத்திரம் வாயில் எடுக்காதேயும், மனுசி தூக்க விடமாட்டா.

இங்ஙனம்,
உமது பழைய போஸ்ற்மாஸ்ரர்