வீட்டுவண்டியின் டயர் அளவும் எலுமிச்சம்பழமும்: விளாத்திகுளம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து வீடாக்கிக்கொள்ள நினைக்கும் விளாத்திகுளத்துக் குடும்பம், அதற்கு எந்த அளவு டயர் போட வேண்டும் என்பதை ஐயந்திரிபற நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் இதற்கு முன் ஆய்வு நிகழவில்லை. நிகழ்ந்திருந்தால் நான் படிக்கவில்லை. ஆய்வுலகில் இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்.

ஆய்வெல்லை: வடக்கே புதூர், தெற்கே குளத்தூர், கிழக்கே வேம்பார்க் கடல், மேற்கே எட்டயபுரம். எட்டயபுரத்தார் இதை ஆட்சேபித்தால் அவர்கள் டயருக்கு அவர்களே பொறுப்பு.

வீட்டுவண்டி இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் புறப்படும் வேன்களில் அடுப்பு, அரிசி, கோழி, ஆச்சி எல்லாம் உண்டு. இல்லாதது பட்டா ஒன்றுதான். வெளிநாட்டில் இதற்கே லட்சக்கணக்கில் செலவழித்துத் தனி வண்டி வாங்குகிறார்கள்.

டயரின் வரலாறு, ஆய்வாளர்க்கு மிகவும் பிடித்த முன்னோடிச் சண்டையில் தொடங்குகிறது. காற்றடைத்த டயரை 1888-ல் கண்டவர் பெல்ஃபாஸ்ட் நகரத்து மாட்டு வைத்தியர் டன்லப் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் தாம்சன் என்பவர் 1845-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அது தெரிந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. 1946-ல் பிரான்சில் மிச்சலின் கம்பெனி ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. அதே 1946-ல் சென்னை திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கினார், பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது அதுதான். இரண்டும் ஒரே ஆண்டு என்பதால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிறுவ நமக்குப் பத்துப் பக்கம் போதும். இதைவிட மெலிந்த சான்றை வைத்துக்கொண்டு குமரிக்கண்டத்துக்கே எல்லைக்கல் நட்டவர்கள் நம்மிடையே உண்டு.

இனி மூலபாடம். டயரின் பக்கவாட்டில் 215/70 ஆர் 15 என்று பொறித்திருக்கும். 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் சதவீதமாக. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மூன்று அளவை மரபு விரவி வருதலின், இது ஒருவர் இயற்றியதன்று, பல காலத்துப் பலர் கூடித் தொகுத்தது என்பர் (காற்றடிப்பியம், விளிம்பியல், உரை).

அதையடுத்து வேக எழுத்து. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், டி 190, யு 200. அடுத்து 210-க்கு வி வர வேண்டும். வருவதோ ஹெச்! அதற்குப் பிறகுதான் வி, 240-க்கு. ஹெச் இடைச்செருகல் என்பது ஒரு சாரார் துணிபு. இல்லை, ஹெச்தான் மூலம், மற்ற எழுத்தெல்லாம் பிற்காலச் சேர்க்கை என்பது மறு சாரார். சூரங்குடிச் சாலையில் எந்த எழுத்தும் அறுபதைத் தாண்டாது என்பதை இரு சாராரும் கவனிக்கவில்லை.

ஒப்பாய்வுக்கு 215/70 ஆர் 15, 225/70 ஆர் 15 என்னும் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஐரோப்பிய வீட்டுவண்டிகளில் காணப்படுபவை. நம்மூர் வேனுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். தரவு வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் கட்டுரைக்கு மரியாதை. முதல் டயரின் உயரம் 682 மில்லிமீட்டர், இரண்டாவதன் உயரம் 696. பெரிதைப் போட்டால் வண்டி 7 மில்லிமீட்டர் உயரும். ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் ஏறக்குறைய 81.6-ல் போவீர்கள். சின்ன டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 467 முறை உருளும், பெரியது 457 முறை. கோயிலை நோக்கி உருள்வது அங்கப்பிரதட்சணம் ஆதலின், நூறு கிலோமீட்டரில் தொள்ளாயிரத்துச் சொச்சம் உருளல் புண்ணியம் சின்ன டயருக்கே கூடுதல்.

அந்த 7 மில்லிமீட்டர் உயரமும் ஐப்பசி வரைக்கும்தான். மழை பெய்து வண்டி கரிசலில் இறங்கிவிட்டால், மண் அப்பி எல்லா டயரும் ஒரே அளவாகிவிடும்.

வேலிக்கருவை முள்ளுக்கு அகலம், சதவீதம், அங்குலம் எதுவும் ஒரு பொருட்டல்ல.

இனி இக்கட்டுரையின் உயிர்நாடியான எலுமிச்சைக் கோட்பாடு. வண்டி வாங்கியதும் டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஏறுகிறோம். பழத்தின் விட்டத்தைத் தோராயமாக 40 மில்லிமீட்டர் என்று கொண்டால், 215 அகல டயரின் குறுக்கே ஐந்து பழம் வரிசையாக நிற்கும். மிச்சமும் கொஞ்சம் இருக்கும். 225-க்கு அந்த மிச்சத்தில் கால் பழம் கூடும். ஆக, இரண்டு டயருக்கும் உள்ள வேறுபாடு கால் எலுமிச்சை. உலக டயர் இலக்கியத்தில் இந்த அலகு முதன்முதலாக இங்கேதான் ஆளப்படுகிறது என்பதைத் தேர்வுக்குழு கவனிக்க வேண்டும்.

சிக்கல் பின்சக்கரத்தில் எழுகிறது. சில வேன்களில் பின்னால் பக்கத்துக்கு இரட்டை டயர். பழம் எத்தனை? டயருக்கு ஒன்று, ஆக ஆறு என்பது கீழக்கடை மரபு. பக்கத்துக்கு ஒன்று, அதையும் இரு டயருக்கும் நடுச்சந்தில் வைக்க வேண்டும் என்பது மேலக்கடை மரபு. சந்தில் வைத்த பழம் நசுங்காமல் அப்படியே கிடக்குமே என்று கேட்டால், நசுங்காமை பழத்தின் குற்றமன்று என்று விடை பகர்வர் (பஞ்சர்க்கடைப் படலம், கிரீஸ் படிந்த ஏடு, பின்பக்கம்).

இதனினும் நுண்ணியது ஸ்டெப்னிச் சிக்கல். ஸ்டெப்னி தரையைத் தொடுவதில்லை. தொடாத டயருக்குப் பழம் உண்டா? இல்லை என்போர் தரைவாதிகள். உண்டு, அதைப் பழத்தின் மேல் வைக்க முடியாவிட்டால் பழத்தை அதன் மேல் வைக்கலாம் என்போர் தொங்குவாதிகள். பஞ்சராகி ஸ்டெப்னி கீழே இறங்கும் அந்தக் கணத்தில் பழம் வைத்தால் போதும் என்று சமரசம் பேசியவர்களை இரு தரப்பும் சேர்ந்து கருத்தரங்கிலிருந்து வெளியேற்றின (மேற்படி நூல், ஓரத்தில் பென்சில் குறிப்பு, டீ கிளாஸ் வைத்த வட்டத்துக்கு உள்ளே, இடமிருந்து மூன்றாம் வரி, வட்டத்துக்கு வெளியே உள்ளது வேறொருவர் கையெழுத்து என்பர்). கோடையில் எலுமிச்சை விலை ஏறுகிறபோது தொங்குவாதிகளின் எண்ணிக்கை குறைவது மேலாய்வுக்கு உரியது. அந்த மேலாய்வையும் நானே செய்து, பணம் கட்டினால் மூன்றே நாளில் அச்சேற்றித் தரும் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டு, அடுத்த கட்டுரையில் அதை நானே மேற்கோள் காட்ட இருக்கிறேன். பதவி உயர்வுகள் அப்படித்தான் வருகின்றன.

களப்பணி இல்லாமல் ஆய்வு நிறைவுறாது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் பஞ்சர் கடையில் மேற்கண்ட முடிவுகளை எல்லாம் எடுத்துரைத்தேன். கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. “அளவு கெடக்கட்டும் அண்ணாச்சி. வண்டியில எத்தன பேரு ஏறுவீய?”

கட்டுரை முழுவதும் நான் தொடாத எண் அதுதான். அளவை அடுத்து 109 அல்லது 112 என்று சிறியதாக ஓர் எண் பொறித்திருக்கும். அது பாரக் குறியீடு. 109 என்றால் அந்த ஒரு டயர் 1030 கிலோ தாங்கும், 112 என்றால் 1120. டயருக்கு 90 கிலோ வித்தியாசம், நாலுக்கு 360. தண்ணீர் நிறைந்த 200 லிட்டர் டிரம், ஒரு மூட்டை அரிசி, கேஸ் சிலிண்டர், ஒரு சித்தப்பா, அவர் மூத்த மகன் என்று வைத்தால் அந்த 360 தீர்ந்துவிடும். ஐரோப்பியர் பாரத்தோடு நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் வீட்டுவண்டிகளுக்கென்று பக்கச்சுவர் கெட்டியான டயர் செய்து, அதற்கு சி.பி. என்று தனிக்குறியும் இடுகிறார்கள். நாம் 7 மில்லிமீட்டருக்கு வாதாடுகிறோம்.

பழைய வேன் வாங்குபவர் படிக்க வேண்டிய இன்னொரு பொறிப்பும் உண்டு, நாலு இலக்கம். 2319 என்று இருந்தால் அந்த டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்தது. அதிகம் ஓடாமல் வெயிலில் நின்ற வேனில் டயரின் பட்டை புதிதாகத் தெரியும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். விற்கிறவர் பட்டையைத்தான் காட்டுவார்.

சட்டமும் ஒரு வார்த்தை சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைக் கம்பெனி தந்த விவரத்திலிருந்து இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை. வீட்டுவண்டிக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதியும் இந்தியாவில் இருக்கிறது. கட்டிலை ஆசாரி அடித்துத் தந்துவிடுவார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

ஆகவே, வாங்க இருப்போர் கவனிக்க: வத்தல் மூட்டையும் கரி லோடும் ஏறுகிற எடைமேடைக்கு, ஆள், தண்ணீர், பாத்திரம் சகலத்தோடும் வேனை ஓட்டிப் போங்கள். பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தித் தனியாக ஒரு சீட்டு வாங்குங்கள். அந்த எடையைப் பின்னால் உள்ள டயர்களுக்குப் பங்கிட்டு, அதைவிடத் தாராளமாகத் தாங்கும் பாரக் குறியீடு பார்த்து, கதவோரச் சீட்டில் கம்பெனி எழுதியிருக்கும் அளவிலேயே வாங்குங்கள். காற்றையும் அந்தச் சீட்டில் உள்ளபடி அடியுங்கள். எலுமிச்சம்பழம் நாலு போதும். ஸ்டெப்னிக்குப் பழம் வேண்டாம், அதில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.