மார்க் டூ ஆசாமி

இங்கிலாந்தின் எந்தத் தொழிற்சாலை ஊரிலும், பப்பின் மூலை மேஜையில் அவர் இருப்பார். வயது எழுபதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. உச்சந்தலை காலி, பின்னால் மட்டும் முடி தோள் வரை தொங்கும். கறுப்பு டி-ஷர்ட்டில் 1970இல் வந்த ‘இன் ராக்’ இசைத்தட்டின் அட்டைப்படம்: அமெரிக்காவின் ரஷ்மோர் மலையில் ஜனாதிபதிகளின் முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் டீப் பர்ப்பிள் குழுவினர் ஐவரின் முகங்கள். சட்டை வாங்கியபோது ஐவரும் ஒல்லியாக இருந்தார்கள். அவருக்குத் தொப்பை விழுந்ததில் இப்போது ஐவருமே நன்றாகச் சாப்பிடுகிறவர்களாகத் தெரிகிறார்கள்.

அவரிடம் போய், “உங்களுக்கு டீப் பர்ப்பிள் பிடிக்குமா?” என்று கேட்டுவிடாதீர்கள். கிளாஸை மெதுவாகக் கீழே வைப்பார். உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

“எந்த டீப் பர்ப்பிள்?”

கேட்ட பாவத்துக்கு நீங்கள் உட்கார்ந்தாக வேண்டும். 1968இல் ஹெர்ட்ஃபர்டில் தொடங்கியது மார்க் ஒன். 1969இல் பாடகர் ராட் எவன்ஸையும் பேஸ் கிடார் நிக் சிம்பரையும் அனுப்பிவிட்டு இயன் கில்லனையும் ரோஜர் குளோவரையும் கொண்டு வந்ததும் மார்க் டூ. 1973இல் அந்த இருவரும் விலக, டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் வந்தது மார்க் த்ரீ. 1975இல் கிடார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரே கோபித்துக்கொண்டு வெளியேறி, அமெரிக்க இளைஞர் டாமி போலின் வந்தது மார்க் ஃபோர். பிரிட்டிஷ் கார் கம்பெனிகள் மாடலுக்கு மாடல் போடுகிற அதே எண்தான். கார் கம்பெனி பழைய மாடலைக் கைவிட்டால் வாடிக்கையாளர் அழுதுவிட்டுப் புதியதை வாங்குவார். நம் ஆசாமி அழுதுகொண்டே இருக்கிறார், புதியதையும் வாங்கிக்கொண்டே இருக்கிறார்.

அவர் மார்க் டூ கட்சி. 1969 முதல் 1973 வரை நான்கே வருடம். உலகம் அப்போது சரியாக இருந்தது. ‘மெஷின் ஹெட்’ வந்தது அப்போது. ஜப்பானில் பதிவான கச்சேரித் தட்டு வந்தது அப்போது. அதன் பிறகு இங்கிலாந்தில் விலைவாசி ஏறியதற்கும், சுரங்கங்கள் மூடியதற்கும், அவருடைய முட்டி வலிக்கும்கூட கில்லன் வெளியேறியதே காரணம் என்று அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பேச்சின் போக்கு அப்படித்தான் இருக்கும்.

கல்யாணம் எப்போது என்று கேட்டால், “ஸ்டார்ம்பிரிங்கர் வந்த மாசம்” என்பார். பக்கத்தில் இருக்கும் மனைவி நம்மைப் பார்த்து, “1974 நவம்பர்” என்று மொழிபெயர்ப்பார். அது மார்க் த்ரீ காலம் என்பதில் அவருக்கு இன்றும் ஒரு மனக்குறை உண்டு. அந்த அம்மாளுக்கும் ஏதோ குறை இருக்கத்தான் செய்யும். அது வேறு விஷயமாக இருக்கலாம்.

எதிர் நாற்காலியில் மார்க் த்ரீ கட்சிக்காரர். இவர் ஐந்து வயது இளையவர், அதனால் ‘அந்தப் பையன்’. “நாலு பேர் கத்துறதைப் பாட்டுன்னு கேட்டது போதும்ப்பா. ஹியூஸ் வந்தப்புறம்தான் குழுவுக்கு இடுப்பே அசைஞ்சது” என்பார். மார்க் டூ ஆசாமிக்கு முகம் சிவக்கும். “ராக் குழுவுக்கு எதுக்குடா இடுப்பு?” ஐம்பது வருடமாக இதே கேள்வி, இதே மேஜை. மார்கழியில் சபா கேன்டீனில் ரவா தோசையை ஆறவிட்டுவிட்டு அரியக்குடியா செம்மங்குடியா என்று மல்லுக்கட்டும் மாமாக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மேஜை புதிதல்ல. பில்டர் காபிக்குப் பதில் பீர், அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவர் ஸ்டீவ் மோர்ஸ் கட்சி. ஆள் எண்ணிக்கை குறைவு, ஆனால் கையில் கணக்கு இருக்கிறது. “பிளாக்மோர் ரெண்டு தவணையும் சேர்த்து இருந்தது ஏறக்குறைய பதினாறு வருஷம். மோர்ஸ் 1994லேருந்து 2022 வரைக்கும், இருபத்தெட்டு வருஷம். யாருப்பா டீப் பர்ப்பிள் கிடாரிஸ்ட்?” கணக்கு பிழையில்லாதது. எனவே யாரும் அதற்குப் பதில் சொல்வதில்லை. மார்க் டூ ஆசாமிக்கு மோர்ஸ் ‘புது ஆள்’. நாற்பது வயதில் சேர்ந்து, மனைவியின் நோய்க்காக அறுபத்தெட்டு வயதை நெருங்கும்போது விலகும் வரை அவர் புது ஆளாகவே இருந்தார். ராக் உலகில் இது அபூர்வமில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் ரானி வுட் 1975இல் சேர்ந்தார். அவருக்கு முன்னிருந்த மிக் டெய்லரின் ரசிகர்கள் இன்னும் அவர் தேறுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எண் போடுவதிலும் ஒற்றுமை கிடையாது. 1993 நவம்பரில், கலைந்து மறுபடி கூடியிருந்த குழுவின் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் மீண்டும் விலகினார். ஒப்புக்கொண்ட கச்சேரிகளை வாசித்துக் கொடுக்க ஜோ சாட்ரியானி வந்தார். அவர் இசைத்தட்டு எதுவும் பதிவு செய்யவில்லை. அவருக்கு ஓர் எண் உண்டா, கிடையாதா? உண்டு என்றால் மோர்ஸ் மார்க் செவன். இல்லை என்றால் சிக்ஸ். இந்த ஒரு எண்ணில் முறிந்த நட்புகள் உண்டு. நடுவர் வேலை பார்க்க வருகிறவர், “அப்படிப் பார்த்தா 1972ல பிளாக்மோருக்கு உடம்பு சரியில்லாதப்போ கியூபெக்ல ஒரே ஒரு ராத்திரி ராண்டி கலிஃபோர்னியா வாசிச்சாரே, அவருக்கு என்ன நம்பர்?” என்பார். சமாதானம் பேச வந்தவர் கிளப்பிவிட்ட அந்தச் சண்டைக்கு ஒரு சுற்று பீர் தனியாகச் செலவாகும்.

இந்தப் பூசல்களுக்கெல்லாம் சட்டப் புத்தகமும் உண்டு. பீட் ஃப்ரேம் என்ற பத்திரிகையாளர் எந்தக் குழுவிலிருந்து யார் எப்போது எங்கே போனார் என்பதைக் கையாலேயே பொடி எழுத்தில் வம்சாவளி மரங்களாக வரைந்தார். புத்தகங்களாக வந்தன, பிறகு பிபிசி அதைத் தொடராகவே எடுத்தது. அதில் டீப் பர்ப்பிள் கிளைகளைத் தொடர்ந்து போனால் தலை சுற்றும். கவர்டேல் தொடங்கிய ஒயிட்ஸ்நேக்கில் 1980 வாக்கில் ஜான் லார்டும் இயன் பெய்ஸும் இருந்தார்கள்; ஐந்தாறு பேரில் மூவர் பழைய பர்ப்பிள், ஆனால் அது பர்ப்பிள் இல்லை. பிளாக்மோரின் ரெயின்போவில் குளோவர் பேஸ் வாசித்தார். அதே ரெயின்போவில் பாடிய ஜோ லின் டர்னர் பிற்பாடு கில்லன் இடத்துக்கு வந்தபோது ரசிகர்கள் குழுவுக்கு ‘டீப் ரெயின்போ’ என்று பெயர் வைத்தார்கள். கில்லனோ 1983இல் பிளாக் சபாத்தில் போய்ப் பாடினார். அந்தச் சுற்றுப்பயணத்துக்குச் செய்த ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள் பல அரங்கங்களுக்குள் நுழையவே முடியாத உயரம். கச்சேரி முடிவில் சபாத்காரர்கள் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ வாசித்தார்கள். சபாத் ரசிகர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. பர்ப்பிள் ரசிகர்களும் மன்னிக்கவில்லை, காரணங்கள் வேறு.

நம் ஆசாமி மிகவும் விரும்பிச் சொல்வது 1980 கதை. குழு கலைந்து நாலு வருடமாயிருந்தது. மார்க் ஒன் பாடகர் ராட் எவன்ஸை முன்னால் நிறுத்தி, முன்பின் தெரியாத நால்வரைச் சேர்த்து, அமெரிக்காவில் ஒரு கூட்டம் ‘டீப் பர்ப்பிள்’ என்ற பெயரிலேயே கச்சேரி நடத்தியது. அசல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். போலிக்குழு தோற்றது, எவன்ஸுக்குப் பழைய தட்டுகளிலிருந்து வந்துகொண்டிருந்த ராயல்டியும் போனது. “பார்த்தியா, யார் டீப் பர்ப்பிள்னு கோர்ட்டே சொல்லியிருக்கு” என்று மேஜையைத் தட்டுவார். கோர்ட் மார்க் டூ என்று சொல்லவில்லையே என்று மோர்ஸ் கட்சிக்காரர் முணுமுணுப்பார். நம் ஆசாமி காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். அந்தக் கருவியிலும் அவருக்குப் பெருமைதான்: உலகிலேயே அதிக இரைச்சலான குழு என்று கின்னஸ் புத்தகம் ஒரு காலத்தில் டீப் பர்ப்பிளைத்தான் போட்டிருந்தது.

மூன்றாவது கிளாஸுக்குப் பேச்சு பர்ப்பிளை விட்டு, உலகின் தலைசிறந்த கிடார் கலைஞர் யார் என்பதற்குப் போகும். முதல் விதி, ஹென்ட்ரிக்ஸை எடுக்கக் கூடாது. அவரை எடுத்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இரவு மீதி இருக்கிறதே! இருபத்தேழு வயதில் 1970இல் இறந்தவர், அதற்கப்புறம் மோசமான தட்டு ஒன்றுகூடப் போடவில்லை என்பது அவருக்குப் பெரிய பலம். ‘ஹென்ட்ரிக்ஸ் நீங்கலாக’ என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார்கள். யார்ட்பேர்ட்ஸ் என்ற ஒரே குழுவில் 1963க்கும் 1968க்கும் நடுவே எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக், ஜிம்மி பேஜ் மூவரும் வரிசையாக வந்து போனதால் வேலை சுலபம். மூன்று நாற்காலிக்கு மூன்று ஆள். கிளாப்டன்தான் கடவுள் என்று அறுபதுகளில் லண்டன் சுவர்களில் எழுதினார்கள் என்பார் ஒருவர். அந்தச் சுவரின் புகழ்பெற்ற போட்டோவில் ஒரு நாய் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பதை அடுத்தவர் நினைவூட்டுவார். இரண்டும் உண்மை.

இந்த விவாதத்தில் ‘ஃபீல்’ என்றொரு ஆயுதம் உண்டு. வேகமாக வாசிப்பவருக்கு ஃபீல் இல்லை. மெதுவாக வாசிப்பவருக்கு வேகம் வராததால் ஃபீல் இருக்கிறது. பிளாக்மோருக்கு இரண்டும் உண்டு. நிரூபணம் கேட்கக் கூடாது. கேட்டால் உங்களுக்கு ஃபீல் இல்லை.

பட்டியல்கள் வேறு. 2003இல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை நூறு பேர் பட்டியல் போட்டது. பிளாக்மோருக்கு 55ஆம் இடம். அந்தப் பத்திரிகையை நம் ஆசாமி அன்று முதல் தொடுவதில்லை. ஆனால் 2011இல் அடுத்த பட்டியல் வந்தபோது பிளாக்மோருக்கு 50 என்பதை மட்டும் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார். முதல் பட்டியலில் 70இல் கிடந்த எடி வான் ஹேலன் இரண்டாவதில் 8க்கு ஏறினார். இடைப்பட்ட எட்டு வருடத்தில் அவர் எங்காவது போய்க் கிடார் கற்றுக்கொண்டு வந்தாரா என்று மேஜை கேட்கிறது. நியாயமான கேள்வி என்றே எனக்கும் படுகிறது.

அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியுமா? தெரியாது. ஆனால் இசைக்கருவிக் கடையில் எந்தப் பையனாவது ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ தொடக்கத்தை வாசித்தால் ஓடிப்போய் நிறுத்துவார். “தம்பி, தப்பு. பிக்கைக் கீழே வை. ரெண்டு கம்பியையும் விரலால சேர்த்துச் சுண்டணும். பிளாக்மோர் அப்படித்தான்.” அவர் சொல்வது சரிதான். பையன் விரலால் சுண்டுவான். சத்தமும் அசலுக்கு அருகில் வந்துவிடும். பிறகு 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் மாந்த்ரேயில் ஃபிராங்க் ஸப்பா கச்சேரியின்போது யாரோ சுட்ட தீப்பொறித் துப்பாக்கியால் சூதாட்ட மாளிகை எரிந்ததும், ஏரிமேல் புகை படர்ந்ததும், தட்டுப் பதிவு செய்ய அங்கே வந்திருந்தவர்கள் இடமில்லாமல் கடைசியில் மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலில் வேலையை முடித்ததும் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். பையன் கடைக்கு வந்தது கம்பி வாங்க.

அவருடைய பெரிய சோகம் பிளாக்மோரேதான். 1997 முதல் பிளாக்மோர் தன் மனைவி கேண்டிஸ் நைட்டோடு சேர்ந்து பழங்கால அரசவை உடை போட்டுக்கொண்டு மறுமலர்ச்சிக் கால இசை வாசிக்கிறார். காதல் பாட்டு, புல்லாங்குழல், மெழுகுவர்த்தி. 2016இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்த்துக் கௌரவித்த விழாவுக்கு அவர் போகவில்லை. அதே வருடம் ஜூனில் பர்மிங்ஹாமில் பழைய ரெயின்போ பாட்டுகளை வாசித்தார். நம் ஆசாமி போனார், அழுதார், ஒலி சரியில்லை என்று புகாரும் எழுதினார்.

இவ்வளவு பேசுகிறவர் புதிய டீப் பர்ப்பிளைக் கேட்பதில்லையா? சைமன் மெக்பிரைட் கிடாரோடு 2024இல் வந்த தட்டு அவர் வீட்டில் இரண்டு பிரதி இருக்கிறது, வினைல் ஒன்று, சிடி ஒன்று. “எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?” இரண்டுமே தேய்ந்திருக்கின்றன.

என் கட்சி எது என்று கேட்பீர்கள். நான் இயன் பெய்ஸ் கட்சி. 1968 முதல் இன்று வரை எல்லா மார்க்கிலும் இருப்பவர் அவர் ஒருவர்தான். டிரம்ஸ் வாசிப்பவர் என்பதால் அவரைப் பற்றி இந்த மேஜையில் யாரும் பேசுவதில்லை.